சென்னை மாடித்தோட்டம்: தை முதல் பங்குனி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் கழிந்ததும் ஆண்டுதோறும் ஒரே சந்தேகங்கள் வரிசைகட்டி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்துப் போட்டு, பதிலை எழுதி வைத்துவிட்டேன். மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

சென்னையில வசந்த காலம்னு ஒண்ணு இருக்கா? எப்ப ஆரம்பிக்கணும்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் தை மாதத்திலிருந்து வெயில் சுள்ளென்று ஏறும் பங்குனி பாதி வரைக்கும்தான் நமக்கு வசந்தம். ஜனவரியில் இரவு 20, 21 டிகிரி, பகல் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். மார்ச் நடுவில் நிலைமை மாறிவிடும். மே தொடக்கத்தில் கத்திரி வெயில் வந்து நிற்கும்.

ஆகவே இங்கே நாள் பார்ப்பது பின்னாலிருந்துதான். ஒரு செடி பூக்க எத்தனை நாள், காய்க்க எத்தனை நாள் என்று பங்குனி பாதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எண்ணிக்கை எந்தத் தேதியில் நிற்கிறதோ அதற்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். விவசாயிகள் தைப்பட்டம், மாசிப்பட்டம் என்று பிரித்து வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது எல்லோருக்கும் தெரியும். மாடித்தோட்டக்காரருக்கு அதற்கு அடுத்தபடி முக்கியமானது தைப்பட்டம்.

சரி, இப்ப எதையெல்லாம் போடலாம்? லிஸ்ட் மாதிரி சொல்லுங்க.

முதலிடம் வெண்டைக்கு. வெயிலைத் தாங்கும், விதைத்து 45 நாளில் காய் பறிக்கலாம், நாற்று விடும் வேலையும் கிடையாது. கொத்தவரை, காராமணி இரண்டும் அதே குணம். கீரைகளில் சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் வரும். முளைக்கீரையை மூன்று வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பந்தல் போட இடம் இருந்தால் பாகல், புடலை, பீர்க்கு, சுரை, தரையில் படரவிட வெள்ளரி.

கத்திரியும் மிளகாயும் நாற்றாக வாங்கி நடுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் கத்திரி நாற்றுக்கே ஒரு மாதம், மிளகாய்க்கு அதற்கும் மேல் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நர்சரிகளில் நாற்று கிடைக்கும். தக்காளி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

கேரட், முட்டைக்கோஸ் விதை பாக்கெட் வீட்ல சும்மா கிடக்கு. இப்ப போட்டா வராதா?

முளைக்கும். ஆனால் கேரட் விரல்கனத்தில் நின்றுவிடும், கோஸ் சுருளவே சுருளாது. இரண்டும் குளிர் கேட்பவை. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்திருக்க வேண்டும். பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். முள்ளங்கி மட்டும் தை கடைசி வரை போடலாம்.

பந்தல் அவரையும் இப்போது வேண்டாம். பகல் நீளம் குறையும்போது பூக்கிற சாதி அது. ஆடியில் போட்டால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இப்போது போட்டால் பந்தல் முழுக்க இலைதான். குத்து அவரைக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.

எங்களுது அபார்ட்மென்ட், தெற்குப் பார்த்த பால்கனி. ஜனவரியில நல்லா வந்த செடி ஏப்ரல்ல சோம்பிடுது. ஏன்?

செடி மேல் குற்றமில்லை, வெயில் இடம் மாறிவிட்டது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அப்போது தெற்குப் பால்கனியில் உள்ளே வரைக்கும் வெயில் விழும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். மேல் மாடிப் பால்கனியின் அடித்தளம் உங்கள் செடிக்குக் குடையாகிவிடும்.

காய்க்கும் செடிக்கு நாளைக்கு 5, 6 மணி நேர நேர்வெயில் தேவை, கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும். எனவே தெற்குப் பால்கனிக்காரர்கள் தையிலேயே வெண்டை, மிளகாய் என்று காய்ச் செடிகளைப் போட்டு முடித்துவிட்டு, வெயில் விலகும் சித்திரைக்குக் கீரை, புதினா, கற்பூரவல்லி என்று மாறிவிடுங்கள். வடக்குப் பால்கனிக்கு இது தலைகீழ். கிழக்குப் பால்கனிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: ஆண்டு முழுவதும் காலை வெயில்.

மண்ணு எங்க வாங்கறது, எப்படிக் கலக்கறது?

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு. செடி வளர்க்கும் பைக்கு (குரோ பேக்) ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. அவ்வளவுதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் மண்ணை எடுத்து வராதீர்கள். சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும்.

நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி இரண்டு தடவை அலசுங்கள். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். 12 அங்குலப் பை எட்டுக்குத் தாராளமாகக் காணும். கலந்த மண்ணை ஈரம் தெளித்து ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு விதைத்தால், பிண்ணாக்கின் சூடு தணிந்திருக்கும்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கிறது. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் இது. பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் ஒன்றாக வரும். முதல்முறை ஆரம்பிக்கிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது. இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

போன வருஷப் பையில இருக்கற மண்ணையே மறுபடி வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் அப்படியே விதை ஊன்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை சத்தையெல்லாம் கரைத்துக் கீழே இறக்கியிருக்கும், மண்ணும் கெட்டியாகியிருக்கும். பையைக் கொட்டி, பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, இரண்டு நாள் வெயிலில் பரப்புங்கள். வெள்ளையாக, சுருண்ட புழு இருந்தால் அது வேர்ப்புழு, காக்கைக்கு விருந்து. பிறகு மூன்றில் ஒரு பங்கு புது உரமும் வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தால் போதும்.

போன தடவை தக்காளி இருந்த பையில் இந்தத் தடவை கத்திரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். அதில் வெண்டையோ கீரையோ போடுங்கள்.

ஹவுஸ் ஓனர் தளம் ஒழுகும்னு பயப்படறார். என்ன சொல்றது?

அவர் பயம் நியாயமானது. 12 அங்குலப் பை ஒன்று நனைந்தால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் பீமும் ஓடும் இடமாகப் பார்த்து ஓரமாக வரிசைப்படுத்துங்கள். பையைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது; இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் நாலு செங்கல் போதும். அடியில் காற்று போனால் தளம் காயும், வேரும் ஓட்டின் இடுக்கில் இறங்காது.

மழைநீர்க் குழாய் வாயில் மண்ணும் சருகும் அடைக்காமல் வலை வையுங்கள். அடித்தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். கொசு முட்டையிடும், மாநகராட்சி ஆட்கள் வந்தால் பேச்சு வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒழுகும் தளம் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், தோட்டம் அப்புறம்.

கீரை விதை போட்டா பாதிதான் முளைக்குது. விதை மோசமா?

பெரும்பாலும் எறும்பு. விதைத்த அன்று சாயங்காலம் பையருகே குனிந்து பாருங்கள்: கடுகில் பாதிகூட இல்லாத கறுப்பு விதையை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பையின் விளிம்பேறிப் போய்க்கொண்டிருக்கும். கலைத்துவிட்டாலும் அடுத்த அரை மணியில் வரிசை கூடிவிடும்.

விதையைப் போல ஐந்து மடங்கு உலர்ந்த மணல் கலந்து தூவி, மேலே மண்ணைச் சலித்தாற்போல் மெல்ல மூடுங்கள். பையைச் சுற்றிக் கொஞ்சம் நொய்யரிசியோ ரவையோ தூவினால் எறும்பு அந்த வேலையில் இறங்கிவிடும். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் முளைத்துவிடும். பூவாளியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். குவளையில் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

நாத்து நல்லா வந்து, திடீர்னு அடியில மெலிஞ்சு சாய்ஞ்சுடுதே?

நாற்றழுகல். பூஞ்சையின் வேலை. நெருக்கி விதைத்து, சாயங்காலம் தண்ணீர் விட்டு, இரவெல்லாம் ஈரத்தில் வைத்தால் வரும். தைப் பனியில் இது அதிகம். விதைக்கும் முன் மண்ணில் டிரைகோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்துவிடுங்கள், தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். சாய்ந்ததை மீட்க முடியாது.

தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

தையில் ஒரு தடவை, சில நாள் அதுவும் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். மாசியில் தினம் காலை ஒரு தடவை. பங்குனியிலிருந்து காலை எட்டு மணிக்குள் ஒன்று, ஐந்து மணிக்கு மேல் ஒன்று.

உச்சி வெயிலில் இலை தொங்கினால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். சுரை, பூசணி மாதிரி அகல இலைக் கொடிகள் மதியம் தொங்கி, ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், அதிக ஈரத்தில் வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் தொங்கும்.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு. மெட்ரோ வாட்டர், ஆர்ஓ கழிவு, ஏசி தண்ணி, எதை விடலாம்?

கடலோரம் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருந்து அதிகம் வரும் கேள்வி. உப்புத் தண்ணீர் விட்டால் மண் மேல் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் தீய்ந்ததுபோல் காயும். மெட்ரோ வாட்டர் கிடைத்தால் அதுவே நல்லது. குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் வாளியில் ஓர் இரவு திறந்து வையுங்கள்.

ஏசி தண்ணீர் கிட்டத்தட்ட வடிநீர், உப்பே கிடையாது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உப்பு பாதியாகும். வெயில் ஏற ஏற, செடிக்குத் தேவை கூடும்போதே ஏசியும் அதிகம் ஓடும் என்பது நமக்கு ஒரு வசதி. ஆர்ஓ கழிவுநீர் உள்ளே போகும் தண்ணீரைவிட உப்பு கூடியது. மெட்ரோ வாட்டரைச் சுத்திகரித்த கழிவு என்றால் கலந்து விடலாம். போர் தண்ணீர்க் கழிவு என்றால் அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியே இல்லாமல் போர் தண்ணீர்தான் என்றால், வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரை அடியில் வழிய வழிய விடுங்கள். பாலக்கீரை உப்பை ஓரளவு தாங்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது.

போகிச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

வேண்டாம். அதில் பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, சில வீட்டில் டயர்கூட எரிந்திருக்கும். விறகோ வறட்டியோ மட்டும் எரித்த சாம்பல் என்றால் சரி, பைக்கு ஒரு ஸ்பூன். உங்கள் தண்ணீர் ஏற்கெனவே உப்பு என்றால் அதுவும் வேண்டாம்.

பொங்கல் கரும்புச் சக்கையைக் கேளுங்கள், சொல்கிறேன். அலசிக் காயவைத்து மண் மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் பங்குனி வெயிலில் ஈரம் நிற்கும். அலசாமல் போட்டால் ஊர் எறும்பெல்லாம் வந்து சேரும்.

செம்பருத்தியில இருந்த வெள்ளைப் பஞ்சு கத்திரிக்கும் வந்துடுச்சு. மருந்து சொல்லுங்க.

மாவுப்பூச்சி. மாசி, பங்குனியில் காற்று உலர உலரப் பெருகும். முதல் மருந்து தண்ணீர்தான். குழாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலைக்கு அடியிலும் கணுவிலும் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதி அங்கேயே போய்விடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். நன்றாகக் கலக்கிச் சாயங்காலம் தெளிக்கவும். மதியம் தெளித்தால் இலை கருகும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

பஞ்சகவ்யா தெளிக்கிறவர்கள் லிட்டருக்கு 30 மி.லி. என்ற அளவைத் தாண்ட வேண்டாம்; அது வளர்ச்சிக்கு, பூச்சியைக் கொல்லாது. செடியில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். எறும்பை நிறுத்தாமல் பூச்சி ஒழியாது.

வெண்டை இலையில நரம்பு மட்டும் மஞ்சளா வலை மாதிரி தெரியுது. உரம் பத்தலையா?

மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ், உரம் போட்டுத் தீராது. காயும் வெளுத்து நாராகிவிடும். பரப்புவது வெள்ளை ஈ. செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மற்ற செடிகளுக்கு வேப்ப எண்ணெயும், மஞ்சள் அட்டையில் எண்ணெய் தடவிய ஒட்டுப்பொறியும் உதவும்.

பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் இதை ஓரளவு தாங்கும். அப்புறம் இன்னொன்று, வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிடுங்கள். முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுப் பூ குறையும். கடையில் நுனியை ஒடித்தால் முறைப்பார்கள், மாடியில் கேட்க ஆளில்லை.

சுரைக்காய் பிஞ்சு விடுது, விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுது. ஒரு காய்கூட தங்கலை.

மகரந்தம் சேரவில்லை. கொடி வகைகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான். அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெண் பூவின் கீழே குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு. ஆகவே நாம்தான் தரகு வேலை பார்க்க வேண்டும்.

நேரம் முக்கியம். சுரை, பீர்க்கு, புடலை சாயங்காலம் மலரும். பூசணி, வெள்ளரி, பாகல் அதிகாலையில். காலை காபியோடு போய்ச் சுரைப்பூவைத் தேடினால் வாடிப்போனதுதான் கிடைக்கும். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் முனை) மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் மகரந்தம் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாளில் பிஞ்சு பளபளப்போடு கீழே வளைந்தால் பிடித்துவிட்டது.

தடவிய பிறகும் காய் அழுகி உள்ளே புழு இருந்தால் அது பழ ஈ. பிஞ்சிலேயே துணிப்பை கட்டுங்கள்.

தக்காளி செடி ஆள் உயரம், பூ கொத்துக் கொத்தா. காய் மட்டும் இல்லை. என்ன பாவம் பண்ணினேன்?

தாமதமாக நட்டதுதான். இரவு வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினாலோ, பகல் 35ஐத் தாண்டினாலோ தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். சென்னையில் மார்ச் கடைசியிலேயே அந்த நிலை வந்துவிடும். முதல் பதிலில் சொன்ன பின்னோக்கிய கணக்கு எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பொருந்தும்: மார்கழியில் நாற்று விட்டு, தை முதல் வாரம் நட்டு, மாசிக்குள் காய் பிடிக்க வைத்துவிட வேண்டும். பிடித்த காய் வெயிலில் பழுத்துக்கொள்ளும். பெரியகுளத்து பிகேஎம் 1 ரகம் நம் பக்கத்துக்கு ஒத்துவரும்.

மாசியிலும் உதிர்ந்தால் இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, காற்றில்லாத மூலை: தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே ஏற்கும், காலை ஒன்பது மணி வாக்கில் கொத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும். இன்னொன்று, உரம் அதிகம். ஆள் உயரம், கரும்பச்சை இலை என்றாலே சாணமும் மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த உரம்) கூடிப்போயிருக்கிறது. மூன்று வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் கால்சியம் சேரவில்லை. முட்டை ஓட்டுக்கு ஓடும் முன், ஒரு நாள் வெள்ளமும் இரண்டு நாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள்.

அணில், புறா, எலி. யாருக்காக வளர்க்கிறேன்னே தெரியலை.

புறாவுக்கு நாற்றுப் பருவத்தில் மட்டும் வலை போதும். அணில் தக்காளி சிவக்கும் வரை காத்திருக்கும். நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள், சுவை பெரிதாகக் குறையாது. எலிக்கு மாடியில் சமையல் கழிவைத் திறந்து வைக்காததுதான் வழி. கிளி மிளகாய்க்கு வந்தால் ரசித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

பச்சை வலை எப்ப கட்டணும்?

பங்குனி பாதியில். மாசியிலேயே கட்டினால் காய்ப்பு குறையும். 50 சதவீத நிழல்வலை கீரைக்கும் நாற்றுக்கும். காய்ச் செடிக்கு 35 போதும். செடிக்கு மேல் ஆறேழு அடி உயரத்தில் கட்டுங்கள், தாழக் கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். மேற்குப் பக்கம் ஒரு திரை தொங்கவிட்டால் மூன்று மணி வெயில் தணியும். கோடை மழைக் காற்றில் பிய்ந்துகொண்டு பக்கத்து மாடிக்குப் போகாதபடி கம்பியில் கட்டுங்கள், சணலில் வேண்டாம்.

இந்தத் தடவை காய்ச்சதுலேருந்தே விதை எடுத்து வெச்சுக்கலாமா?

நாட்டு ரகம் என்றால் எடுக்கலாம். பாக்கெட்டில் எஃப்1 என்றோ ஹைப்ரிட் என்றோ இருந்தால் அடுத்த தலைமுறை எப்படி வரும் என்று சொல்ல முடியாது. வெண்டையில் நடுப்பருவக் காய் இரண்டைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு எடுங்கள். முதலில் அடையாளக் கயிறு கட்டிவையுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள். பூசணி, சுரை, பீர்க்கு பக்கத்து மாடி மகரந்தத்தோடு கலந்திருக்கலாம். அந்த விதை வேண்டுமென்றால், கையால் மகரந்தம் சேர்த்து நூல் கட்டி மூடிய பூவிலிருந்து மட்டும் எடுங்கள்.

மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போறோம். செடியெல்லாம் என்ன பண்றது?

அதற்குள் கீரையும் தக்காளியும் முடிந்திருக்கும், பிடுங்கிவிடுங்கள். மிச்சம் இருக்கும் மிளகாய், கத்திரி, வெண்டையைக் கூட்டமாக வலைக்கடியில் நெருக்கி வைத்து, காயெல்லாம் பறித்து, மூடாக்கு கனமாகப் போடுங்கள். கத்திரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தண்ணீர்த் தேவை குறையும், ஆடியில் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதெல்லாம் கத்திரி வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் வராது. பத்து நாளுக்கு டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் வேண்டும், இல்லையென்றால் எதிர்வீட்டு அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுங்கள். அந்தப் பத்து நாள் காய்ப்பது அவர்களுக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.